மேல்தாழ்ப்பாள்: ஒரு கல்லூரி வளாகத்தில் இரண்டடுக்குச் சரிபார்ப்பைக் கொண்டுவந்த அனுபவம்

2022 நவம்பரில் ஒரு காலை, முதல் பாடவேளைக்கு மணி அடிப்பதற்கு முன்பே, முதலாண்டு மாணவி ஒருவர் கணினி ஆய்வகத்தின் வாசலில் வந்து நின்றார். கையில் அண்ணனிடம் கேட்டு வாங்கி வந்த செல்பேசி இருந்தது. "சார், பரீட்சை ஃபீஸ் கட்டிட்டேன், ரசீது வரல" என்றார். அவர் காட்டிய மின்னஞ்சல் எங்கள் கல்லூரியின் முகவரியிலிருந்தே வந்திருந்தது. அனுப்பியவர் தமிழ்த்துறையின் மூத்த பேராசிரியர். பருவத் தேர்வுக் கட்டணம் கட்டாதவர்கள் அன்று மாலைக்குள் கீழே உள்ள கியூஆர் குறியீட்டின் வழியாகச் செலுத்த வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. மாணவி செலுத்திய தொகை 1,450 ரூபாய். முக்கூடல் பக்கத்திலுள்ள வீட்டில் அவருடைய அம்மா பீடி சுற்றிச் சேர்த்த பணம் அது.

பேராசிரியர் அப்போது வகுப்பில் இருந்தார். அப்படியொரு மடலை அவர் எழுதவே இல்லை. முந்தைய வாரம் "உங்கள் அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது, உறுதிசெய்யாவிட்டால் மடல்கள் அழிக்கப்படும்" என்று வந்த செய்தியை நம்பி, அச்சு அசலாகக் கூகுள் நுழைவுப் பக்கம் போலவே இருந்த ஒரு பக்கத்தில் தம் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்திருந்தார். கடவுச்சொல் ஒன்றே காவலாக இருந்த கணக்கு என்பதால், அது கிடைத்தவனுக்கு வேறு தடை எதுவும் இருக்கவில்லை.

அன்று நாங்கள் சரியாகச் செய்த ஒரே காரியம், மாணவியை உட்காரவைத்து உடனே 1930 என்ற எண்ணை அழைத்ததுதான். பணமோசடிப் புகார்களுக்கான தேசிய உதவி எண் அது. நாம் சொல்லும் பரிவர்த்தனை விவரம் சம்பந்தப்பட்ட வங்கிக்கு நேரே போகிறது. பணம் இன்னும் அந்தக் கணக்கில் இருந்தால் வங்கி அதை நிறுத்திவைக்கிறது. வேறு வங்கிக்கு மாற்றப்பட்டிருந்தால் தகவல் அந்த வங்கிக்குத் தொடர்ந்து போகிறது. ஆகவே இதில் நிமிடங்கள்தான் கணக்கு. பிறகு தேசியச் சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் முறையான புகாரையும் பதிவுசெய்தோம். அந்த மாணவியின் பணம் நிறுத்திவைக்கப்பட்டு, சில மாதங்கள் கழித்துத் திரும்பக் கிடைத்தது. அதே மடலை நம்பிப் பணம் கட்டிவிட்டு, வீட்டில் சொல்லப் பயந்து இரண்டு நாள் பேசாமல் இருந்த சிலருக்கு ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. தாமதத்துக்குக் காரணம் பயமே என்பதால், எங்கள் வளாகத்தில் அதன் பிறகு ஒட்டிய ஒவ்வொரு சுவரொட்டியிலும் முதல் வரி "ஏமாந்தால் திட்டமாட்டோம், உடனே வாருங்கள்" என்பதாகவும் அடுத்த வரி 1930 என்பதாகவும் இருந்தன.

திருநெல்வேலிக்கும் தென்காசிக்கும் இடையிலுள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியில் கணினித்துறை உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். மின்னஞ்சல் நிர்வாகமும் கூடுதல் பொறுப்பாக என்னிடம் இருந்தது. நடந்ததற்கு முதல் பொறுப்பு என்னுடையது என்றே இன்றும் கருதுகிறேன். கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு சான்றையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை எல்லாருக்கும் கட்டாயமாக்கும் வசதி நிர்வாகப் பக்கத்தில் ஆண்டுக்கணக்காக இருந்தது. "எதற்கு எல்லாருக்கும் தொந்தரவு" என்று நான்தான் அதைத் தொடாமல் விட்டிருந்தேன்.

நடந்ததை விளக்கும்படி நிர்வாகம் கேட்டபோது, பேராசிரியருக்குக் குறிப்பாணை கொடுக்க வேண்டும் என்று சிலர் பேசினார்கள். கொடுக்கக் கூடாது என்று முதல்வரிடம் வாதாடினேன். தண்டனை கொடுத்தால், அடுத்த முறை ஏமாறுபவர் அதை மறைப்பார். மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்குச் சாதகம். முதல்வர் ஒப்புக்கொண்டார். அந்த முடிவு எடுக்கப்படாமல் போயிருந்தால், இதற்குப் பிறகு நடந்த எதுவும் நடந்திருக்காது.

எங்கள் முதல் முயற்சி தோல்வியில் முடிந்தது. வெளியூரிலிருந்து ஒரு நிபுணரை அழைத்து, கலையரங்கில் மாணவர்களை உட்காரவைத்து, இரண்டு மணி நேரம் ஆங்கிலத்தில் படவிளக்கம் நடத்தினோம். பொன்னாடை, நினைவுப் பரிசு, பங்கேற்புச் சான்றிதழ், நாளிதழுக்குப் படம் எல்லாம் குறைவின்றி நடந்தன. ஒரு வாரம் கழித்து நிர்வாகப் பக்கத்தில் பார்த்தேன்; இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் புதிதாக இயக்கியிருந்தவர்கள் பத்துப் பேருக்கும் குறைவு. வந்திருந்தவர் நன்றாகத்தான் பேசினார். ஆனால் கேட்டவர்களில் எவருக்கும், அரங்கை விட்டு வெளியே போனதும் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது தெரியவில்லை. விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்பும் முதல் விஷயம் இது: எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணாதீர்கள், எத்தனை கணக்குகளின் அமைப்பு மாறியிருக்கிறது என்று மறுவாரம் எண்ணிப் பாருங்கள்.

அதன் பிறகு மேடையை விட்டுவிட்டு, உணவகத்துக்குப் பக்கத்திலுள்ள வேப்பமரத்தடியில் ஒரு மேசை போட்டோம். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களிலிருந்து பன்னிரண்டு பேருக்குப் பயிற்சி கொடுத்து, மதிய இடைவேளையில் இருவர் இருவராக உட்காரவைத்தோம். உயர்கல்வி நிறுவனங்கள் மாதத்தின் முதல் புதன்கிழமையைச் சைபர் விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு கேட்டிருக்கிறது. அந்த நாளில் மட்டும் ஆறு மேசைகள். வருகிறவரின் செல்பேசியை நாங்கள் வாங்கித் தொடக் கூடாது, அவரே அழுத்த வேண்டும் என்பது எங்கள் விதி. நாம் செய்துகொடுத்தால் அவருக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியாமலே போய்விடும். அதோடு, யார் கேட்டாலும் செல்பேசியைக் கொடுக்கலாம் என்ற தவறான பழக்கத்தையும் நாமே கற்றுக்கொடுத்தவர்கள் ஆவோம்.

பெயர்தான் முதலில் இடித்தது. 'பல்காரணி உறுதிப்பாடு' என்று நான் எழுதிய அட்டையைப் பார்த்துவிட்டு மாணவர்கள் விலகிப் போனார்கள். ஏமாற்றப்பட்ட அதே தமிழ்ப் பேராசிரியர் ஒருநாள் மேசைக்கு வந்து, "எங்கள் ஊர் வீட்டுக் கதவில் பூட்டு வேறு, மேல்தாழ்ப்பாள் வேறு. சாவியை எவனாவது அச்செடுத்துவிடலாம். மேல்தாழ்ப்பாளை உள்ளே இருப்பவர் மட்டும்தான் திறக்க முடியும். அப்படிச் சொல்லுங்களேன்" என்றார். அட்டையை மாற்றி எழுதினோம். சில வாரங்களில் "மேல்தாழ்ப்பாள் போட்டாச்சா?" என்று மாணவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளத் தொடங்கினார்கள். பிறகு அவர் ஒவ்வொரு துறைக் கூட்டத்திலும் எழுந்து நின்று, தாம் எப்படி ஏமாந்தார் என்பதை ஒளிவுமறைவின்றிச் சொன்னார். முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தியவர் தலைநிமிர்ந்து "நான் ஏமாந்தேன்" என்று சொல்வதைக் கேட்ட பிறகு, அந்த அறையில் இருந்த வேறு எவருக்கும் உண்மையைச் சொல்வதில் வெட்கமிருக்கவில்லை.

கருத்தை விளங்கவைக்க ஏ.டி.எம். எடுத்துக்காட்டே போதுமானதாக இருந்தது. அட்டை நம் கையில் இருப்பது, பின் எண் நம் நினைவில் இருப்பது. இரண்டும் சேர்ந்தால்தான் பணம் வரும். இணையத்தில் அட்டை வழியாகப் பணம் செலுத்துவதற்கு 2009 ஆகஸ்ட் முதல் ரிசர்வ் வங்கி கூடுதல் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியதால், ஓடிபி என்பது நம் ஊரில் பாட்டிக்கும் தெரிந்த சொல்லாகிவிட்டது. அதையே மின்னஞ்சலுக்கும் போடுகிறோம் என்றால் எவரும் திகைப்பதில்லை.

இருந்தும் பலர் மறுத்தார்கள். ஏன் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். அந்த நோட்டு எனக்குக் கற்றுக்கொடுத்த அளவுக்கு எந்தப் பாடநூலும் கற்றுக்கொடுக்கவில்லை. "போன் அண்ணன்கிட்ட இருக்கு." "போன் வீட்டுக்கே ஒண்ணுதான்." "காலேஜுக்குள்ள போன் கொண்டுவரக் கூடாதே சார்." "போன் தொலைஞ்சா என்ன பண்றது?" "என் ஃபிரண்டுதான் எனக்கு அசைன்மென்ட் அப்லோடு பண்ணுவா, அவளுக்கு ஓடிபி எப்படிப் போகும்?" இரண்டடுக்குச் சரிபார்ப்பை வடிவமைத்தவர்கள் ஒருவருக்கு ஒரு செல்பேசி என்றும், கடவுச்சொல் என்பது ஒருவர் மட்டுமே அறிந்த இரகசியம் என்றும் எண்ணிச் செய்திருக்கிறார்கள். எங்கள் மாணவர்களின் வாழ்க்கையில் இரண்டும் அப்படி இல்லை. செல்பேசி குடும்பத்துக்குப் பொது. கடவுச்சொல் நட்புக்குப் பொது. கேட்டால் கொடுப்பதுதான் பிரியம், கொடுக்க மறுப்பது சந்தேகம் என்று வளர்ந்த பிள்ளைகளிடம், எவருக்கும் சொல்லாதே என்று ஒரு சுவரொட்டி ஒட்டிவிட்டால் அது நடந்துவிடுமா? கொடுக்க வேண்டிய தேவை இல்லாத ஒரு வழியை முதலில் உண்டாக்கித் தர வேண்டும். எங்கள் மூன்றாண்டு வேலையில் நான் உறுதியாக நம்புவது இந்த ஒன்றைத்தான்.

செல்பேசித் தடையில் தொடங்கினோம். பெண்கள் விடுதியில் மாலை குறிப்பிட்ட நேரம் மட்டுமே செல்பேசி கையில் கிடைக்கும். வகுப்பு வளாகத்துக்குள் எவருமே கொண்டுவரக் கூடாது. ஆய்வகக் கணினியில் நுழையும்போது செல்பேசியில் வரும் எண்ணைக் கேட்டால் மாணவி எங்கே போவார்? இரண்டு விதிகளும் மோதுகின்றன என்பதை முதல்வரிடமும் விடுதிக் காப்பாளரிடமும் எடுத்துச் சொன்னோம். அவர்களின் கவலையும் நியாயமானதுதான். பேசிப்பேசி, ஆய்வக வேளைகளில் மட்டும் செல்பேசியை ஆய்வகத்துக்குக் கொண்டுவரலாம், வாசலிலுள்ள மர அடுக்கில் வைத்து எண்ணைப் பார்த்துவிட்டு உள்ளே வரலாம் என்று முடிவானது. ஒவ்வொரு முறையும் எண் கேட்காதபடி ஆய்வகக் கணினியை நம்பகமான கணினியாகப் பதிவுசெய்துவிட்டால் தொல்லை இல்லையே என்று ஒரு யோசனை வந்தது. நாற்பது பேர் மாறி மாறி உட்காரும் கணினியில் அதை அனுமதித்தால் தாழ்ப்பாளே இல்லாமல் போகும் என்பதால் மறுத்துவிட்டேன்.

குறுஞ்செய்தி வரச் சிக்னல் இல்லை என்ற குறையைத் தீர்த்தது, எண்ணைச் செல்பேசியிலேயே உருவாக்கும் அங்கீகாரச் செயலி. குறுஞ்செய்திக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, இணைய இணைப்பும் தேவையில்லை என்பதைப் பலர் நம்பவே இல்லை. விமானப் பயன்முறையில் போட்டுக் காட்டியபோதுதான் நம்பினார்கள். முதல்முறை கியூஆர் குறியீட்டை ஒற்றியெடுக்கும்போது ஓர் இரகசிய எண் செல்பேசியில் பதிந்துவிடுகிறது; அதன் நகல் கூகுளின் சேவையகத்திடமும் இருக்கிறது. இரண்டும் அந்த இரகசிய எண்ணையும் அந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, 30 வினாடிக்கு ஒருமுறை அதே ஆறு இலக்கத்தைத் தனித்தனியே அடைகின்றன. 2011 இல் பொதுத் தரமாக வெளியிடப்பட்ட முறை இது.

இதில் நாங்கள் கொஞ்சமும் எதிர்பாராத சிக்கல் ஒன்று வந்தது. ஆலங்குளத்திலிருந்து வரும் மாணவி ஒருவருக்கு எத்தனை முறை முயன்றாலும் எண் தவறு என்றே வந்தது. நீக்கிவிட்டு மறுபடி பதிந்தோம், பயனில்லை. பிறகு தன்னார்வ மாணவர் ஒருவர் தம் கைக்கடிகாரத்தையும் மாணவியின் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். காலை ஏழரைப் பேருந்தைத் தவறவிடாமல் இருக்க, அந்த மாணவியின் அப்பா செல்பேசியின் நேரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்திருந்தார். சேவையகம் அரை நிமிட வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளும், பத்து நிமிடத்தைப் பொறுத்துக்கொள்ளாது. நேரத்தைத் தானியங்கிக்கு மாற்றியதும் முதல் முயற்சியிலேயே கதவு திறந்தது. அதன் பிறகு எங்கள் சரிபார்ப்புப் பட்டியலில் "கடிகாரம் சரியா?" என்ற கேள்வி முதலிடத்துக்கு வந்தது. எங்கள் பக்கத்து வீடுகளில் முன்னால் தள்ளிவைத்த கடிகாரங்கள் எத்தனை இருக்கின்றன என்பது அந்த ஆண்டுதான் எனக்குத் தெரிந்தது.

செல்பேசி தொலைந்தால் என்ன செய்வது என்ற பயத்துக்கு மாற்றுக் குறியீடுகள் விடை. கூகுள் கணக்கில் பத்துக் குறியீடுகள் ஒரு தொகுப்பாகக் கிடைக்கும். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம். ஒன்றை ஒருமுறை மட்டுமே பயன்படுத்தலாம். புதிய தொகுப்பை எடுத்தால் பழையது செல்லாது. இவற்றைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்தோம். எங்கே வைத்தீர்கள் என்று அடுத்த வாரம் கேட்டால் பாதிப் பேர் படமெடுத்துச் செல்பேசியிலேயே வைத்திருந்தார்கள். வீட்டுச் சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பீரோவைப் பூட்டிய கதைதான். ஒரு மாணவர் அடையாள அட்டையின் பின்புறம் செருகிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். விடுதி மாணவி ஒருவர் டிரங்குப் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டியிருந்தார். பெட்டிக்குப் பூட்டு இருந்ததால் அதைச் சரி என்றோம். வீட்டிலிருந்து வருகிறவர்களிடம், வீட்டின் முக்கியக் காகிதங்கள் எங்கே இருக்கின்றனவோ அங்கே வைக்கச் சொல்லி அம்மாவிடம் கொடுங்கள் என்றோம்.

மாணவர்களை விடக் கடினமாக இருந்தது அலுவலகமும் ஆசிரியர்களும்தான். அகமதிப்பீட்டு மதிப்பெண்களைப் பதிவேற்றும் வேலை பல துறைகளில் இளைய ஆசிரியர் ஒருவரிடம் இருந்தது. துறைத்தலைவரின் கணக்கில் நுழைந்துதான் அவர் அதைச் செய்ய வேண்டும். அலுவலகத்தில் ஒரு நீளக் குறிப்பேட்டில் எல்லாத் துறைகளின் கடவுச்சொற்களும் அழகான கையெழுத்தில் வரிசையாக இருந்தன. அதை எழுதிவைத்தவர் கல்லூரிக்காக நாள் முழுக்க உழைக்கிறவர். வேலை நிற்கக் கூடாது என்ற ஒரே எண்ணத்தில் செய்திருந்தார். அங்கே இரண்டாம் சரிபார்ப்பைப் போட்ட மறுநாளே, வகுப்பு நடத்திக்கொண்டிருக்கும் துறைத்தலைவருக்கு அழைப்பு வரத் தொடங்கியது: "சார், ஒரு ஓடிபி வந்திருக்கும், கொஞ்சம் சொல்லுங்க." அவரும் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று எண்ணை உரக்கச் சொன்னார். தாழ்ப்பாளும் போட்டு, கேட்டவர்க்கெல்லாம் உள்ளிருந்தே திறந்தும் விடுகிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. நாளைக்கு வேறொருவன் அதே தொனியில், அதே அவசரத்தில் கேட்டாலும் அவர் சொல்லிவிடுவார் அல்லவா?

இதைத் திருத்த நான்கு மாதங்கள் பிடித்தன. மதிப்பெண் பதிவேற்றும் ஒவ்வொருவருக்கும் அந்த ஒரு வேலைக்கு மட்டும் உரிமையுள்ள தனிக் கணக்கு கொடுத்தோம். துறைத்தலைவரின் மடல்களை உதவியாளர் பார்த்துப் பதில் எழுத வேண்டிய இடங்களில் ஜிமெயிலின் பொறுப்பளிப்பு வசதியை இயக்கினோம். அதில் உதவியாளர் தம் சொந்தக் கடவுச்சொல்லுடன் தம் கணக்கில் நுழைந்தே தலைவரின் அஞ்சலைக் கையாளலாம். தேர்வுப் பிரிவுக்கும் சேர்க்கைப் பிரிவுக்கும் பொது அஞ்சல் குழுக்களை ஏற்படுத்தினோம். இவ்வளவும் ஆன பிறகு, அந்தக் குறிப்பேட்டை எழுதியவரே அதன் பக்கங்களைக் கிழித்து என் முன்னால் துண்டுதுண்டாக்கினார். பதவியில் இருப்பவர்களின் கணக்குகளே திருடனுக்கு அதிக மதிப்புள்ளவை என்பதால் கட்டாயமாக்கலையும் மேலிருந்து தொடங்கினோம்: நிர்வாகக் கணக்குகள், முதல்வர், தேர்வுப் பிரிவு, கணக்குப் பிரிவு, பிறகு ஆசிரியர்கள், கடைசியாக மாணவர்கள். முதல்வர் தாமே மேசைக்கு வந்து வரிசையில் நின்று பதிந்துகொண்டது பத்துச் சுற்றறிக்கைகளுக்குச் சமம்.

மேல்தாழ்ப்பாளுக்கும் எல்லை உண்டு என்பதை மறைக்காமல் சொன்னோம். போலி நுழைவுப் பக்கத்தில் கடவுச்சொல்லோடு ஆறு இலக்க எண்ணையும் தட்டச்சு செய்தால், மறுபக்கம் இருப்பவன் அதே நொடியில் உண்மையான பக்கத்தில் போட்டு நுழைந்துவிட முடியும். செல்பேசியில் "நீங்கள்தானா?" என்று கேட்கும் முறையிலும் ஆபத்து இருக்கிறது. 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் ஊடுருவியவன், கடவுச்சொல் கிடைத்த ஓர் ஒப்பந்தப் பணியாளருக்கு அனுமதிக் கேள்விகளைத் திரும்பத் திரும்ப அனுப்பினான். கடைசியில் அவர் ஒன்றை ஏற்றுக்கொண்டார். அந்த நிகழ்ச்சியை மாணவர்களுக்குச் சொல்லி, நீங்கள் நுழைய முயலாத நேரத்தில் கேள்வி வந்தால் 'இல்லை' என்று அழுத்துங்கள், உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள், தூக்கக் கலக்கத்தில் 'ஆம்' என்று அழுத்திவிடாதீர்கள் என்றோம். நிர்வாகக் கணக்குகளுக்கு மட்டும் யுஎஸ்பியில் செருகும் பாதுகாப்புச் சாவிகளை வாங்கினோம். அந்தச் சாவி தான் பதிவான உண்மையான இணைய முகவரிக்கு மட்டுமே பதில் சொல்லும். போலிப் பக்கம் கண்ணை ஏமாற்றினாலும் சாவியை ஏமாற்ற முடியாது. கூகுள் நிறுவனம் தன் 85,000க்கும் மேற்பட்ட பணியாளர்களுக்கு இத்தகைய சாவியைக் கட்டாயமாக்கிய பிறகு, பணிக்கணக்கு எதுவும் இவ்வாறு திருடப்பட்டதாக உறுதியாகவில்லை என்று 2018 இல் தெரிவித்தது. எல்லா மாணவர்களுக்கும் சாவி வாங்க எங்களிடம் பணமில்லை, செயலியோடு நிறுத்திக்கொண்டோம். செல்பேசியே இல்லாதவர்களுக்கு அச்சிட்ட குறியீடுகளே துணை.

கடவுச்சொல்லைப் பொறுத்தவரை, 90 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற பழைய விதியை நீக்கினேன். அந்த விதியால் எல்லாரும் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டிக்கொண்டே போனார்கள். காரணமில்லாமல் காலவாரியாக மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமும் 2017 லேயே வழிகாட்டியிருக்கிறது.

மாணவர்களை உண்மையில் மேசைக்கு இழுத்துவந்தது கல்லூரி மின்னஞ்சல் அன்று, இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும்தான். இதை ஏற்றுக்கொள்ள எனக்குச் சில மாதங்கள் ஆயின. "அக்கா, என் நம்பர்னு நினைச்சு உங்க நம்பரைக் குடுத்துட்டேன், ஆறு நம்பர் கோடு வந்திருக்கும், அனுப்புங்க ப்ளீஸ்" என்று தெரிந்த தோழியின் எண்ணிலிருந்தே செய்தி வரும். அனுப்பிய அடுத்த நிமிடம் இவருடைய வாட்ஸ்அப் போய்விடும். இவர் பெயரில் அடுத்த தோழிக்கு அதே செய்தி போகும். ஒரே வகுப்பில் ஐந்து பேர் இப்படி வரிசையாக இழந்தார்கள். 2017 முதல் வாட்ஸ்அப்பிலேயே இருக்கும் ஆறு இலக்கப் பின் வசதியைப் போட்டிருந்தால் இரண்டாவது தோழியோடு அது நின்றிருக்கும். மாணவி ஒருவரின் இன்ஸ்டாகிராம் கணக்கைப் பிடித்துக்கொண்டு படங்களை வைத்து மிரட்டியபோது, அவர் பெற்றோரிடம் போவதற்கு முன் எங்கள் மேசைக்கு வந்தார். பெண் பேராசிரியர் ஒருவர் உடனிருந்து புகார் எழுத உதவினார். பிறர் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி மூன்றாண்டுவரை சிறைக்கும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதத்துக்கும் உரிய குற்றம் என்று அறிந்தபோது அந்த மாணவியின் முகத்தில் வந்த தெளிவை மறக்க மாட்டேன். தவறு தன் மேல் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறுதியானது. பிள்ளைகள் எதை இழக்க அஞ்சுகிறார்களோ அதிலிருந்து தொடங்கினால், கல்லூரிக் கணக்கு தானாகப் பின்னால் வருகிறது.

என் தவறு ஒன்றையும் இங்கே எழுத வேண்டும். மாணவர்களின் விழிப்பைச் சோதிப்பதற்காக, முதல்வரின் ஒப்புதலுடன் ஒரு போலி மடல் அனுப்பினேன். உதவித்தொகை ஒதுக்கப்பட்டிருக்கிறது, இணைப்பைத் தொட்டு உறுதிசெய்யுங்கள் என்பது அதன் செய்தி. தொட்டவர்களுக்கு, இது ஒரு பயிற்சி என்ற பக்கம் வரும். மறுநாள் ஒரு மாணவி, பணம் வருகிறது என்று வீட்டில் சொல்லிவிட்டேன் என்று அழுதுகொண்டே வந்தார். மாணவிகளுக்கான தமிழக அரசின் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருவதையே குடும்ப வரவில் எழுதிவைக்கும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளிடம் அந்தத் தூண்டிலைப் போட்டது கொடுமை. திருடன் போடுவான் என்பது நாமும் போடுவதற்கு நியாயம் ஆகாது. அவரிடமும் வகுப்பிலும் மன்னிப்புக் கேட்டேன். பிறகு நடத்திய சோதனைகளில் நூலகப் புத்தகத் தாமதக் கட்டணம் போன்றவற்றையே பயன்படுத்தினோம். யார் தொட்டார் என்ற பெயர்ப் பட்டியலை எடுக்கவே இல்லை. எத்தனை பேர் உடனே எங்களுக்குத் தெரிவித்தார்கள் என்பதை மட்டும் எண்ணினோம்.

2024 ஜூனில் எல்லா மாணவர்களுக்கும் கட்டாயமாக்கினோம். அதற்குமுன் மூன்று வாரக் கெடு கொடுத்து, கெடு முடியும் வாரத்தில் மேசைகளை மாலை வரை வைத்திருந்தோம். செல்பேசி தொலைந்தவர்களுக்கான நடைமுறை ஒன்றே: அடையாள அட்டையுடன் நேரில் வர வேண்டும், தொலைபேசியில் கேட்டால் முதல்வரே கேட்டாலும் மீட்டுக்கொடுப்பதில்லை. கல்லூரியிலிருந்து எவரும் எந்தக் காரணத்துக்காகவும் உங்கள் சரிபார்ப்பு எண்ணைக் கேட்க மாட்டார்கள், கேட்பவர் நானாகவே இருந்தாலும் சொல்லாதீர்கள் என்று ஒவ்வொரு வகுப்பிலும் போய்ச் சொன்னேன்.

இந்த ஆண்டுத் தொடக்கத்தில், முதன்முதலாக 1,450 ரூபாயை இழந்த அந்த மாணவி மீண்டும் ஆய்வகத்துக்கு வந்தார். இப்போது எங்கள் கல்லூரியிலேயே முதுகலை படிக்கிறார். பாவூர்சத்திரம் சந்தைக் கூட்டத்தில் செல்பேசி காணாமல் போயிருந்தது. சிம் கார்டை முடக்கிவிட்டு, அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் செல்பேசியையும் முடக்கக் கோரிவிட்டு வந்திருந்தார். கூடவே அவருடைய அம்மா வந்திருந்தார். மஞ்சள் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். ரேஷன் அட்டை, ஆதார் நகல், பீடித் தொழிலாளர் அட்டை, அவற்றுக்கு நடுவில் நான்காக மடித்த தாள். பத்துக் குறியீடுகளில் இரண்டு பென்சிலால் அடிக்கப்பட்டிருந்தன.

மகள் கணினிமுன் உட்கார்ந்தார். உதவலாம் என்று நான் தாளுக்குக் கை நீட்டினேன். அம்மா தாளை மகள் பக்கம் மட்டும் தெரியும்படி திருப்பி, என் பக்கத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார்.

"சாரு கிட்டகூடக் காட்டக் கூடாதுன்னு இவதான் சொல்லிருக்கா. தப்பா எடுத்துக்கிடாதீய சார்" என்றார்.

நான் கையை எடுத்துக்கொண்டு, திரையைப் பார்க்காதபடி சன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.